கைப்பிடியின் அடியில் மூன்று கீறல்

உங்கள் மேசை இழுப்பறை இறுகிப்போயிருக்கிறது. பேனா எடுக்க இரண்டு தடவை பலமாக இழுத்தீர்கள். அக்டோபர் ஈரத்தில் மரம் அப்படித்தான் உப்பிக்கொள்ளும். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து ஓரங்களில் நாலு இழுப்பு தேய்த்தால் போதும், வழுக்கிக்கொண்டு வரும். அரம் போட வேண்டியதில்லை. தப்பாக நினைக்காதீர்கள், ஒரு பழுது கண்ணில் பட்டால் சொல்லிவிடுவது என் வழக்கம்.

என் பெயர் வெர்லின் ஸ்கார். வயது ஐம்பத்தாறு. நோர்டாலில் தீவனக் கடைக்குப் பின்புறம் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்துக்கு வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மேசைமேல் சாக்குத் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அது என்னவென்று எனக்குத் தெரியும். பிரிக்கவேண்டிய அவசியம் இல்லை. பிரித்தாலும் ஆட்சேபம் இல்லை.

அது பதினாறு கேஜ் குழல் கொண்ட, வாத்து வேட்டைக்கான போல்ட் துப்பாக்கி. இந்த வகையை யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. வசதி உள்ளவன் இரட்டைக் குழல் வாங்குவான், அடுத்த படியில் இருப்பவன் முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பம்பு வாங்குவான். பத்து மாடு வைத்துப் பால் கறக்கிறவன் தபால் கேட்லாக்கைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் இருக்கிற இதை வரவழைப்பான். பட்டாளத்து ரைபிளில் இருப்பது போல ஒரு போல்ட். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்கவேண்டும். ஒரு வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே கடப்பதற்குள் இரண்டு தடவை இதைச் செய்ய முடிந்தவனை நான் நாலைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதற்கென்று சில குணங்கள் உண்டு. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது விசையில் விரல் பட்டுவிட்டால் முழுப் போல்ட்டும் கழன்று கையோடு வந்துவிடும். இந்தச் சதுப்புச் சேற்றில் எத்தனை போல்ட் கிடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தகரத்தில் செய்த தோட்டாப் பெட்டி குளிரில் இறுகும், வெயிலில் தொளதொளக்கும். மெதுவாக இழுத்தால் இரண்டாவது தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் ஒழுங்காகப் போகும். பூப்போல வேலை செய்கிறவனுக்கு இது ஒத்துவராது என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள்.

இன்னொரு குணம், யாரும் கவனிப்பதில்லை. இந்த மலிவு வகையில் சிலவற்றில், குண்டு வெடிக்கும்போது போல்ட் பின்னால் வராமல் பிடித்துக்கொள்வது அதன் கைப்பிடியின் அடிப்பாகம் மட்டும்தான். கைப்பிடியை அமுக்கியதும் அந்த அடிப்பாகம் ஒரு வெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரல் நகத்தளவு இரும்பு. அதுதான் பூட்டு. அதற்குப் பின்னால், நாலு அங்குலத்தில், சுடுகிறவரின் முகம்.

ஆர்டன் ப்ராண்ட்வோல்ட் என் தங்கை தோராவின் கணவன். பால்பண்ணைச் சங்கத்தின் லாரி ஓட்டினான். உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்காது, உங்களுக்கு அப்போது பத்து வயது இருக்கும். உரக்கப் பேசுகிறவன். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவன் சிரிப்புத்தான் முதலில் நுழையும். லாரியில் பாடிக்கொண்டே வருவான், தெருமுனையிலேயே கேட்கும். ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் இல்லை.

தோரா எனக்குப் பதினாலு வயது இளையவள். முப்பத்தாறாம் வருடக் குளிரில் அப்பாவும் அம்மாவும் உறைந்த ஏரிமேல் போகையில் பனிக்கட்டி உடைந்து காரோடு மூழ்கிப்போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று பாதிரியார் சொன்னார். நான் அனுப்பவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். அவள் பன்னிரண்டு வயதில் சமையலை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் மாலை ஐந்தரைக்கு நான் கை கழுவுவேன், தட்டு மேசையில் இருக்கும். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசவேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. தோரா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஐம்பத்து நாலில் ஆர்டனைக் கட்டிக்கொண்டு அவள் நாலு மைல் தள்ளிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து இரண்டு பேரும் சாப்பிட வருவார்கள். கூந்தலைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தாள். லாரி ஓட்டப் பழகிவிட்டிருந்தாள். நிறையப் பேசினாள். உருளைக்கிழங்கில் உப்புப் போடும் அளவைக்கூட மாற்றிவிட்டாள். ஒரு தடவை அவள் மணிக்கட்டில் நீலமாகக் கன்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். லாரிக் கதவு, காற்றில் அடித்துக்கொண்டது என்றாள்.

நேற்று உங்களிடம், அவன் அவளை அடிப்பான் என்று சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். அதை வெட்டிவிடுங்கள். அன்றைக்கு நான் லாரிக் கதவைத்தான் நம்பினேன். பிற்பாடுதான் நம்பாதவன் போல அதை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோரா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆர்டன் வெளியே அடுத்த வீட்டுக்காரரோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, பனி உருகினதும் நாங்க மேக்க ஆரிகன் போறோம்,” என்றாள்.

“எத்தன நாளைக்கு?”

“நாளைக்கு என்ன நாளைக்கு, குடித்தனமே போறோம். அவரோட தம்பி மர ஆலையில வேல பாத்து வச்சிருக்காரு. நீயும் வந்துரேன்ணே. துப்பாக்கி இல்லாத ஊரா அது? கடலப் பாத்தாப்புல ஒரு பட்டறையப் போட்டுக்க.”

யோசிக்கிறேன் என்றேன். மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாள். இதுவும் உங்கள் தாளில் இருக்கட்டும்.

செப்டம்பர் முதல் வாரம் ஆர்டன் இந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான். அவன் அப்பா வாங்கியது. தோட்டாப் பெட்டி தானாகக் கழன்று விழுகிறது என்றான்.

“மச்சான், இந்தப் பெட்டி சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது. நேத்து வாத்து தலைக்கு மேல வந்து நிக்குது, இது தண்ணிக்குள்ள குதிச்சிருச்சு. வாத்து என்னையப் பாத்துச் சிரிச்சிட்டே போகுது. இதச் சரி பண்ணு, இல்லாட்டி அடுத்த வாட்டி நானே குதிச்சிருவேன்.”

நாளைக்கு வா என்றேன். அவன் போன பிறகு எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். பெட்டியின் கொக்கி தேய்ந்திருந்தது, பத்து நிமிட வேலை. எதற்காக வந்தாலும் நான் முழுத் துப்பாக்கியையும் பார்ப்பேன். போல்ட்டைத் துடைத்து பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தபோது கைப்பிடி அடியில் ஒரு கோடு தெரிந்தது. தலைமயிர் மாதிரி. துணியால் துடைத்தேன், போகவில்லை. விரிசல்தான்.

அந்த இடத்தில் விரிசல் கண்டால் எங்கள் தொழிலில் யோசிக்க ஒன்றும் கிடையாது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். அவன் கேட்காவிட்டால் போல்ட்டைத் திருப்பித் தரக்கூடாது. இதற்கு முன்னால் அப்படி ஏழெட்டுப் பேருக்குச் செய்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் துப்பாக்கியும் அதில் ஒன்று, மிஸ்டர் ப்ராஸர். அவருக்குக் கோபம் வந்தது. மறுவருடம் கிறிஸ்துமசுக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பினார்.

ஆர்டனுடையதை நான் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டது தோட்டாப் பெட்டியைப் பற்றி. நான் தோட்டாப் பெட்டியைச் சரிசெய்தேன். நல்ல வேலை, அந்தக் கொக்கி இன்றைக்கும் பிடிக்கும், நீங்கள் போட்டுப் பார்க்கலாம். பிறகு எஃகு ஊசியை எடுத்து, விரிசல் முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு சின்னக் கீறல் போட்டேன். விரிசல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று அறிய இரும்பு வேலை செய்கிறவர்கள் அப்படி வைப்பது உண்டு. தோளில் பதிகிற மரக்கட்டையின் பின்தகட்டைக் கழற்றி, உள்ளே பென்சிலால் தேதியையும் என் பெயரின் முதலெழுத்தையும் எழுதினேன். நான் தொட்ட எல்லாத் துப்பாக்கியிலும் எழுதுவேன். எண்ணெய் பூசி மாட்டிக் கொடுத்தேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. ஒரு முடிவு எடுத்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். அன்றைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தது. மறுநாள் காலையில் எழுந்தபோது, நேற்றே சொல்லாததை இன்று எப்படிச் சொல்வது என்று இருந்தது. இப்படி ஒரு வாரம் போனது. அந்த ஒரு வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் இரண்டாம் முறை வந்தான். குழல் முனையில் ரவை பரவும் அளவை மாற்ற ஒரு வளையம் இருக்கும், அது துருப்பிடித்துச் சுற்றவில்லை. நின்றுகொண்டே காபி குடித்தான்.

“உன் தங்கச்சி என் மானத்த வாங்குறா மச்சான். மேய்ச்சக்காட்டுல டப்பா அடுக்கிவச்சுப் பழகுறோம். நான் ஒண்ண அடிச்சா அவ ரெண்ட அடிக்கிறா.”

“தோராவா? இத வச்சா?”

“வேற எத வச்சு? எங்ககிட்ட என்ன பீரங்கியா இருக்கு? மூணு குண்டு போட்டா ஒண்ணு அவளுது. எழுதாத ஒப்பந்தம்.”

அவன் போன பிறகு போல்ட்டைப் பார்த்தேன். விரிசல் என் கீறலைத் தாண்டி ஒரு நெல் அகலம் போயிருந்தது. இரண்டாவது கீறல் போட்டேன். தேதி எழுதினேன். அன்று மாலை தனியாகச் சாப்பிடும்போது அவன் சொன்னதை யோசித்தேன். மூன்றில் ஒன்று. அப்படியென்றால் மூன்றில் இரண்டு அவனுடையது. வேட்டைக்குப் போனால் அவன் இன்னும் அதிகமாகச் சுடுவான், ஆண்பிள்ளை விட்டுக்கொடுக்க மாட்டான். வானிலை அறிக்கைகூட இதைவிட நிச்சயமாகச் சொல்வதில்லை. இந்த வார்த்தைகளிலேயே யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

மூன்றாம் முறை அக்டோபர் எட்டு. போல்ட் இறுக்கமாக இருக்கிறது என்றான். இறுகத்தான் செய்யும்; கைப்பிடி மிக லேசாகச் சாய்ந்திருந்தது, வெட்டில் உரசியது. உரசிய இடத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினேன். மூன்றாவது கீறல். தேதி. போல்ட் பட்டுப்போல மூடியது. ஆர்டன் மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினான்.

“நீ மட்டும் ஆரிகன் வரலன்னு வையி, அங்க நான் விசிலத்தான் வச்சு வாத்து புடிக்கணும்,” என்றான்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பால்பண்ணையிலிருந்து பட்டறைக்கு ஃபோன் வந்தது. சதுப்பில் விபத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. மேல்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் தோராவுக்கு என்ன ஆறுதல் சொல்வது, இறுதிச் சடங்கை எந்தக் கோயிலில் வைப்பது, அவள் பழைய அறையில் இப்போது நான் போட்டு வைத்திருக்கிற மரப்பெட்டிகளை எங்கே மாற்றுவது என்றெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி நடையில் ஆர்டன் நின்றுகொண்டிருந்தான். இடுப்பு வரை சேறு. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம், அவனுடையது இல்லை. ஒரு மைல் அவளைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் நடந்திருக்கிறான்.

“நான்தான் மச்சான் குடுத்தேன். அவ கையில நானே எடுத்துக் குடுத்தேன்,” என்றான்.

“ஆமா,” என்றேன்.

அந்த நடையில் நான் சொன்னது அது ஒன்றுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் அதற்குப் பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், வேறு ஏதாவது வரும் என்று.

போல்ட் தோராவின் வலது கண்ணுக்குள் பாய்ந்துவிட்டது. தாடையில் ஒரு துண்டு. இடது கண்ணைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார், ஆறு வாரத்தில் அதுவும் போனது. ஒரு கண்ணில் ஆழமாகக் காயம் பட்டால் சில பேருக்கு மற்றதும் கூடவே போய்விடுமாம். எனக்கு அது தெரியாது. இரும்பு எனக்குத் தெரியும்.

அப்போது மாவட்டப் போலீஸ் தலைவராக இருந்த ஷெரீப் துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. உடைந்த போல்ட்டை அரை மணி நேரம் என் மேசையில் வைத்திருந்தேன். அரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தேன், வைத்துவிட்டேன். மூன்று கீறலும் சரியான இடத்தில், சரியான அகலத்தில் இருந்தன. நான் போட்ட அளவை நானே அழிப்பதில்லை. பழைய இரும்பு, கனமான தோட்டா, யார்மேலும் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கி ஆர்டனிடம் போனது. அவன் ஏன் வைத்துக்கொண்டான் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் எறிந்திருப்பேன்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் தோராவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆர்டன் லாரியில் போனால் நாள் முழுக்க அவள் தனியாக இருக்கவேண்டும், அது சரிப்படாது என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஆர்டன் தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பேச மாட்டான், அழுவான். இது அவளுக்கு நல்லதில்லை, கொஞ்ச நாள் தள்ளியிரு, ஆரிகன் வேலையைப் பார், அவள் தேறியதும் நானே கூட்டிவந்து விடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். என்னை அவன் நம்பினான். மார்ச்சில் போனான்.

அவன் எழுதிய முதல் இரண்டு கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படிக்கவில்லை. வானிலை, மரம், தம்பி குழந்தைகள், அதையெல்லாம் படித்தேன். எப்போது வருகிறாய் என்று அவன் கேட்ட இடங்களை விட்டேன். மூன்றாவதிலிருந்து படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்றும் வரவில்லையா என்று அவள் கேட்பாள். இல்லை என்பேன். கொஞ்ச மாதம் கழித்துக் கேட்பதும் நின்றது.

அடுத்த கோடையில் அவனே வந்தான். கார் வந்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோரா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து முன்கதவைத் திறந்து, வெளியே போய்ச் சாத்திக்கொண்டேன். மெலிந்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

“அவ என் குரலக் கேட்டாப் போதும் மச்சான். அப்புறம் அவ போன்னா போயிடறேன்.”

“ஒங்குரலே காதுல விழக்கூடாதுன்னு சொல்றா ஆர்டன்.”

அவன் தலையை ஆட்டினான். அது நியாயம்தான் என்பது போல ஆட்டினான். படியிறங்கி, காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே ரேடியோவில் பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு போனான். யார் வந்தது என்று தோரா கேட்டாள். பிரஷ் விற்கிறவன் என்றேன்.

பன்னிரண்டு வருடம் ஆயிற்று. வீட்டுக்குள் அவள் நடக்க எல்லாம் செய்து கொடுத்தேன். சுவரோரமாகக் கயிறு, படிகளில் ஆணித் தலைகள், அலமாரியில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வெட்டு அடையாளம். மாலை ஐந்தரைக்கு நான் கை கழுவுவேன், தட்டு மேசையில் இருக்கும். உப்பு பழையபடி சரியாகிவிட்டது. அதிகம் பேசமாட்டாள். இயல்பிலேயே அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

இந்த ஆகஸ்டில் ஆர்டன் ஆலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனான். அவன் அக்கா ஹெல்கா போய் அவன் சாமான்களை எடுத்துவந்தாள். கட்டிலுக்கு அடியில் இந்தச் சாக்கு மூட்டை இருந்திருக்கிறது. இனி யாரும் இதைச் சுடக்கூடாது, குழலில் ஈயம் ஊற்றி அடைத்துத் தா என்று பக்கத்து மாவட்டத்தில் மிக்கெல்சன் என்கிற இளைஞனிடம் கொடுத்தாள். அவன் நல்ல வேலைக்காரன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஈயம் ஊற்றுவதற்கு முன்னால் முழுத் துப்பாக்கியையும் பார்த்திருக்கிறான்.

கைப்பிடி உடைந்த இரும்புப் பரப்பில் முக்கால்வாசி கறுப்பு, கால்வாசி வெளுப்பு. கறுப்பு என்றால் பழைய விரிசல், எண்ணெய் இறங்கி இறங்கிக் கறுத்தது. வெளுப்பு அன்றைக்கு உடைந்தது. கறுப்பின் ஓரமாக மூன்று கீறல். பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே மூன்று தேதி. மிக்கெல்சனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் ஹெல்காவிடம் சொன்னான். ஹெல்கா உங்களிடம் வருவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். நான் பட்டறையில் இருந்தேன். அவள் தோராவிடம் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவில்லை, அது உங்கள் வேலை என்று விட்டுவிட்டாள். கடிதங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நான் திரும்பியபோது மேசையில் தட்டு இல்லை. தோரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, அவரு எனக்கு எழுதினாரா?”

“எழுதினான்.”

“எத்தன?”

“ரெண்டு ஒனக்குப் படிச்சேன். மிச்சம் நாப்பத்தொண்ணு இருக்கு.”

“அதுல என்ன எழுதியிருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்? ஒம்பேருக்கு வந்தத நான் ஏன் பிரிக்கப் போறேன்.”

உண்மை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தேன். எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டிய ஓரங்களை விரலால் தடவினாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், கோட்டை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஹெல்காவின் கார் வரும்வரை அப்படியே இருந்தாள். நான் முட்டை வேகவைத்துச் சாப்பிட்டேன். வேண்டுமா என்று கேட்டேன். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள்.

இனி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிற இரண்டு கேள்விகள். அந்தக் கனமான தோட்டா யார் கொடுத்தது என்பது ஒன்று. நான்தான். எட்டாம் தேதி துப்பாக்கியைத் திருப்பித் தந்தபோது ஒரு பெட்டி கொடுத்தேன். வாத்து உயரத்தில் பறக்கிற காலம், சாதாரணத் தோட்டா எட்டாது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் மகிழ்ந்துபோனான். சற்று முன்னால் நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை என்று சொன்னேன். செப்டம்பரைப் பொறுத்தவரை அது சரி. எட்டாம் தேதி காலை கடை திறந்ததும் முதல் வேலையாகப் போய் அந்தப் பெட்டியை வாங்கிவந்து மேசைக்குக் கீழே வைத்திருந்தேன்.

இரண்டாவது கேள்வி, விபத்துக்கு முந்தின நாள். விசேஷமாக ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் தோரா லாரியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கோயில் அடித்தளத்தில் மறுநாள் விருந்துக்கு உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கட்டு துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இன்னும் சூடாக இருந்தது. மாவு அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

“நாளைக்கு மொத குண்டு எனக்காம்ணே. அவரே குடுத்துட்டாரு. நீ குடுத்த புதுத் தோட்டாவ வச்சுத்தான்,” என்றாள்.

நான் என் மேசையில் இருந்தேன். அவள் எனக்கு எதிரே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற தூரத்தில் நின்றாள். சொல்வதற்கு ஐந்து வார்த்தை போதும். அன்று பாதிப் பகல் மிச்சம் இருந்தது, ஃபோன் இருந்தது, நாலு மைல்தான், என் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருந்தால் ஆர்டன் எனக்கு நன்றி சொல்லியிருப்பான். துப்பாக்கியை மூலையில் போட்டுவிட்டு வேறொன்றைக் கடன் வாங்கியிருப்பான். வசந்தத்தில் இரண்டு பேரும் ஆரிகன் போயிருப்பார்கள். இவை எல்லாம் எனக்கு அவள் நிற்கும்போதே தெரிந்தது. அவளையும் பார்த்தேன், யோசித்தும் பார்த்தேன். எது நடந்தாலும் இரண்டு பேரில் ஒருவர் ஆரிகன் போகமாட்டார் என்று தோன்றியது. அது யார் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

“சதுப்புல கால் வெறச்சுப்போகும். கம்பளிக் காலுறை ரெண்டு சோடி போட்டுக்க,” என்றேன்.

சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தேன், சொன்னபடியே இரண்டு சோடி போட்டிருந்தாள்.

அவ்வளவுதான். தட்டச்சு செய்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும். ஹெல்கா வீட்டில் தோராவுக்குப் படி எங்கே, அடுப்பு எங்கே என்று ஒன்றும் தெரியாது. காபிக் கோப்பையை வலதுபக்கம் வைக்கவேண்டும், கோப்பையின் பிடி அவள் பக்கம் திரும்பியிருக்கவேண்டும். இதையெல்லாம் அங்கே யார் செய்யப்போகிறார்கள். இந்த வாரம் கோபத்தில் இருப்பாள், அடுத்த வாரம் வீட்டைத் தேடுவாள். என்ன கேட்டாலும் கடைசியில் அவளே உங்களிடம் சொல்வாள், பன்னிரண்டு வருடமும் அண்ணன் என்னைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்துப் பார்த்துக்கொண்டான் என்று.